காலையில் பிடித்துக்கொண்டால்: தைலமா, மாத்திரையா, சுளுக்கு எடுக்கும் பாட்டியா, பிசியோவா?

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இது பழகிய கதை. ராத்திரி நன்றாகத்தான் படுத்திருப்போம். விடிந்து பார்த்தால் கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. இல்லையென்றால் இடுப்பு பிடித்திருக்கும். கையைத் தூக்கினால் தோளில் சுரீர் என்கும். குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாது. எங்கேயும் விழவில்லை, எதையும் தூக்கவில்லை, தூங்கியதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. இருபது வயதுப் பையனிடம் சொன்னால் சிரிப்பான். நம் வயதுக்காரரிடம் சொன்னால் தன் முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

வீட்டிலோ ஆளுக்கொரு வைத்தியம். அம்மா உப்பு ஒத்தடம் என்பார். மகன் மெடிக்கலில் மாத்திரை வாங்கி வரட்டுமா என்பான். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுளுக்கு எடுக்கும் பாட்டி ஒருவரைத் தெரியும். மச்சானுக்கு எல்லாப் பழியும் மெத்தை மேல். இவற்றில் எது எந்த வலிக்கு உதவும், எதில் காசுதான் போகும், எதைக் கிட்டவே சேர்க்கக் கூடாது என்று ஒன்றையொன்று வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. இந்தத் தேர்வெல்லாம் சாதாரணப் பிடிப்புக்குத்தான். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வரை ஓடும் வலி, கூடவே வியர்வை என்றால் அதை வாய்வுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு இஞ்சிச் சாறு குடிக்கும் நேரமல்ல. 108-ஐக் கூப்பிட வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறது, கால் வலுவிழக்கிறது என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான். ஒரு கால் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால், நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

சரி, தூங்கினதற்கே ஏன் வலிக்கிறது? முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் பகலெல்லாம் நம் எடையில் நசுங்கி நீரை இழக்கின்றன. படுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் காலையில் நாம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கிறோம். அந்த உயரத்தில் பாதி, எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது. ஊறி விறைத்திருக்கும் அந்த நேரத்தில் குனிந்தால் வட்டிலும் அதைச் சுற்றியுள்ள தசைநார்களிலும் இழுவிசை கூடுதலாக விழும். இளவயதில் தசை அதைத் தாங்கிக்கொண்டது. முப்பதுகளிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, நார்களின் நெகிழ்வும் போகிறது. கழுத்து ஒரே கோணத்தில் நாலு மணி நேரம் கிடந்தால் அப்போது கண்டுகொள்ளாது; இப்போது கணக்குக் கேட்கிறது.

இதிலிருந்தே செலவில்லாத வழி ஒன்று கிடைக்கிறது. 1998-இல் ஸ்பைன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை, எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்க்கச் சொன்னார்கள். வலி குறைந்தது, அவ்வளவுதான் சங்கதி. நம் வீட்டுக் காலையை யோசித்துப் பாருங்கள்: வாசல் பெருக்குவது, கோலம் போடுவது, குடத்தில் தண்ணீர் பிடிப்பது, 20 லிட்டர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது, எல்லாமே அந்த முதல் மணி நேரத்தில்தான். கோலத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாது என்றால் குத்துக்காலிட்டாவது போடலாம். கேனை வேறு யாராவது கவிழ்க்கட்டும், அல்லது கைப் பம்ப் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம்.

இனி, படுத்தே கிடப்பதா, நடமாடுவதா? இதில் இழுபறியே இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் டாக்டர்களே 'பெட் ரெஸ்ட்' எழுதிக் கொடுத்தார்கள். இன்று எந்த வழிகாட்டுதலும் அதை ஏற்பதில்லை. சாதாரண இடுப்புப் பிடிப்பில் படுத்தே கிடப்பவரை விட முடிந்த வரை நடமாடுகிறவர் சீக்கிரம் தேறுகிறார். கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே விட்டுவிடும், இடுப்புக்கு நாலைந்து வாரம்கூட ஆகலாம். எந்த வைத்தியத்தையும் மதிப்பிடும்போது இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது. மூன்றாம் நாள் எதைத் தடவினாலும் நாலாம் நாள் கழுத்து திரும்பும். பெயர் தடவியதற்குப் போகும். எங்கள் வீட்டில் கழுத்துப் பிடித்தால் தலையணையை வெயிலில் காய வைப்பார்கள். அதுவும் பலித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒத்தடத்தை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். வறுத்த கல் உப்பைத் துணியில் முடிந்து வைத்தாலும், நொச்சி இலையை வதக்கிக் கட்டினாலும், ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி வைத்தாலும் வேலை செய்வது சூடுதான். கொஞ்ச நேரத்துக்காவது பிடிப்பு இளகும், அந்த இடைவெளியில் கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் மாத்திரைக்கு முன்பே சூட்டைச் சொல்கிறது. சர்க்கரைக்காரர்கள் மட்டும் சூட்டை வேறு யாராவது தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். உணர்வு குறைந்த காலில் ஒத்தடம் கொப்புளமாகிவிடும்.

அடுத்தது தைலம். நம் ஊரில் இதற்கு ஒரு வரலாறே உண்டு. அமிர்தாஞ்சன் 1893-இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் மும்பையில் தொடங்கியது. பிறகு சென்னைக்கு வந்தது. மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்களில் பாதிப்பேர் கழுத்தில் அந்த வாசனைதான் என்பது என் சந்தேகம். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கோடாலித் தைலம் இல்லாமல் வந்ததில்லை. எந்தக் குப்பியானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் கற்பூரம், மென்தால், மெத்தில் சாலிசிலேட் இந்த மூன்றின் கலவைதான். தோலில் குளிரும் எரிச்சலும் உண்டாக்கி, உள்ளே இருக்கும் வலியிலிருந்து மூளையின் கவனத்தைத் திருப்புவதுதான் அவற்றின் வேலை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் கவனம் திரும்பினால் ஒரு பஸ் பயணம் கழிந்துவிடும். ஆனால் தைலம் தடவிய இடத்திலேயே வெந்நீர்ப் பையை வைக்கக் கூடாது, தோல் வெந்துவிடும். இதய வால்வு அறுவை முடிந்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மெத்தில் சாலிசிலேட் உள்ள எதையும் தாராளமாகத் தேய்க்கக் கூடாது. ரத்தக் கசிவு ஏற்படலாம்.

தைலத்தோடு சேர்த்து எண்ணப்படுகிற, ஆனால் முற்றிலும் வேறான ஒன்று டைக்ளோஃபெனக் ஜெல். இது கவனம் திருப்புகிற சமாச்சாரமல்ல, மாத்திரையில் உள்ள அதே மருந்து. தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் 6 சதவீத அளவுதான் என்பதால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கணுக்கால், முழங்கால், விரல் மூட்டு என்று தோலுக்கு அடுத்தே இருக்கிற இடங்களில் நன்றாக வேலை செய்யும், கழுத்துப் பக்கத் தசைக்கும் பரவாயில்லை. அடி இடுப்புக்கு அவ்வளவு ஆழம் இறங்காது. ஐம்பதைத் தாண்டியவர் வீட்டில் வலிக்கு ஒரே ஒரு மருந்துதான் வைத்திருக்கலாம் என்றால் நான் இந்தக் குழாயைத்தான் வைப்பேன்.

மாத்திரைதான் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் நாம் அதைச் சாப்பிடும் விதம் அப்படி. மெடிக்கல் கடையில் நின்று பாருங்கள். "அண்ணே, கழுத்து பிடிச்சுக்கிச்சு, ரெண்டு செட் மாத்திரை குடுங்க." கடைக்காரர் திரும்பி, இழுப்பறையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்துக் கத்தரிக்கோலால் இவ்விரண்டாக வெட்டி, காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் காலை, இரவு என்று இரண்டு கோடு கிழிப்பார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். ஒன்று வலி மாத்திரை, ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று பெரும்பாலும் வீக்கத்துக்கு. சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று கேட்கிற கடைக்காரரும் இருக்கிறார். அப்படி ஒருவர் கிடைத்தால் கடையை மாற்றாதீர்கள்.

அந்தக் கேள்விகள் ஏன் முக்கியம்? டைக்ளோஃபெனக், அசிக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென் ஆகிய இந்தக் குடும்பம் வலியை நன்றாகவே குறைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இவை ரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நம் வயதில் பலர் பிரஷருக்கு டெல்மிசார்டனும், சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் மூன்றும் சிறுநீரகத்தை ஒரே நேரத்தில் நெருக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறவருக்கு ஐபுப்ரோஃபென் அந்த ஆஸ்பிரின் வேலையையே தடுத்துவிடக் கூடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அந்த இனத்தையே துடைத்தெறியப் பார்த்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது இதனால்தான். மனிதச் சிறுநீரகம் கழுகைவிடத் தாங்கும், ஆனால் தாராளமாகத் தாங்காது.

வீக்கத்துக்கு என்று தரும் செராஷியோபெப்டிடேஸ் எதற்கு என்று எனக்கு விளங்கியதே இல்லை. அதை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனமே பலன் நிரூபணமாகவில்லை என்று 2011-இல் தன் நாட்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் செட்டில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

பாராசிட்டமால் சாதுவாயிற்றே என்பார்கள். சாதுதான், ஆனால் திடீர் இடுப்பு வலிக்கு உதவுவதில்லை. 2014-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் சுமார் 1,650 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒழுங்காகப் பாராசிட்டமால் எடுத்தவர்கள் குணமாக 17 நாள், வலிக்கும்போது மட்டும் எடுத்தவர்களுக்கு 17 நாள், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். ஆக, என் வரிசை இப்படி: ஜெல் எட்டுகிற இடத்துக்கு ஜெல், எட்டாத இடுப்புக்கு, சிறுநீரகமும் வயிறும் பிரஷரும் சரியாக உள்ளவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வலி மாத்திரை. மற்றவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

சுளுக்கு எடுப்பவர்களைப் பற்றி எழுதினால் ஒரு பக்கம் கோபம் வரும், ஒரு பக்கம் கேலி வரும். கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். கையால் வழிக்கிற பாட்டிகள் செய்வதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இளஞ்சூட்டில் விளக்கெண்ணெய். காதுக்குப் பின்னால் மண்டையோடு முடிகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து, தோள்பட்டை வரை ஒரே திசையில் மெல்ல இழுப்பார்கள். பிடித்திருக்கும் முடிச்சில் விரல் நிற்கும். அங்கே அழுத்தாமல், நம்மை மூச்சு விடச் சொல்லிவிட்டு, விடும்போது நகர்த்துவார்கள். பிசியோதெரபிஸ்ட் செய்கிற மென்தசை நீவுதலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மசாஜ் திடீர் வலிக்குக் கொஞ்ச நேர ஆறுதல் தரும் என்பதை வழிகாட்டுதல்களும் ஒப்புகின்றன. வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், எதைத் தொடக் கூடாது என்பதில். எலும்பு விரிசலையும் சுளுக்கு என்று வழிக்கிறவர்கள் உண்டு. விழுந்து வந்த வலி என்றால் முதலில் எக்ஸ்ரே, பிறகு பாட்டி.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது: கழுத்தைச் சொடுக்குவது. முடி வெட்டி முடித்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து இப்படி ஒரு சொடுக்கு, அப்படி ஒரு சொடுக்கு. சத்தம் கேட்டதும் சுகமாகத்தான் இருக்கும். கழுத்தெலும்புகளுக்குள் புகுந்து மூளைக்கு ஏறுகிற தமனி அந்தத் திடீர்த் திருப்பலில் கிழிந்தால் பக்கவாதம் வரும். அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவியதிலேயே பக்கவாதம் வந்த பெண்களைப் பற்றி 1993-இல் ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதினார். அடிக்கடி நடப்பதில்லைதான். ஆனால் கிடைப்பது ஒரு நிமிடச் சுகம் என்பதால் பேரத்துக்கே இடமில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததுமே "கழுத்து மட்டும் வேணாம் தம்பி" என்று சொல்லிவிடுவது என் வழக்கம்.

சித்த வைத்தியத்தை விரும்புகிறவர்களுக்கு நம் மாநிலத்தில் முறையான வழியே இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பல அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவு. படித்துப் பட்டம் பெற்றவர் வர்மப் புள்ளியைத் தொடுவதற்கும், திருவிழாக் கடையில் வர்மம் என்று பலகை மாட்டியவர் தொடுவதற்கும் உள்ள தூரம் அதிகம். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'வாத மாத்திரை'யை மட்டும் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அடுத்த நாளே வலி பறந்துவிடும். அந்த வேகமே சந்தேகத்துக்குக் காரணம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா? எனக்குத் தெரிந்த பலர் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த ஆய்வு 2015-இல் வந்தது. ஐம்பது வயதினரில் 80 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம், 60 சதவீதம் பேருக்கு வட்டுப் பிதுக்கம். இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது! ஆகவே முதல் வாரத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். அது வலிக்குக் காரணமா, நரை மாதிரி வயதுக்கு வந்த அடையாளமா என்று படம் சொல்லாது. 'டிஸ்க் விலகியிருக்கு' என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் குனியவே பயந்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாதவர் ஆறு வாரம் பொறுக்கலாம்.

மெத்தை மச்சானுக்கு ஒரு பத்தி போதும். கட்டாந்தரைதான் முதுகுக்கு நல்லது என்பது நாம் நெடுநாள் நம்பியது. 2003-இல் லான்செட்டில் வந்த ஸ்பெயின் ஆய்வு, நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்கு மெத்தை மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. கெட்டி மெத்தையை விட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. ஆகவே நடுவில் குழி விழுந்த பழைய இலவம் பஞ்சு மெத்தை என்றால் மாற்றுங்கள். கோரைப் பாயில் படுத்துத் தோளெலும்பு குத்துகிறது என்றால் மேலே ஒரு மெத்தை விரியுங்கள். இரண்டும் இல்லையென்றால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். தலையணை விஷயம் மெத்தையைவிட முக்கியம், செலவும் குறைவு. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் அகலத்துக்குச் சமமான உயரம், மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வு. இரட்டைத் தலையணை யாருக்கும் வேண்டாம்.

இவ்வளவும் வந்த வலிக்கு. மாதா மாதம் திரும்பி வருகிற பிடிப்பு என்றால் கணக்கே வேறு. அங்கே பிசியோவும் நடையும்தான் போட்டியில் நிற்கின்றன. 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்திய ஆய்வில், இடுப்பு வலி விட்டவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டி நடைப் பழக்கம் ஏற்படுத்தினார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம் வரை படிப்படியாக. நடக்காதவர்களுக்கு வலி திரும்ப வர 112 நாள் ஆனது, நடந்தவர்களுக்கு 208 நாள். ஒரு பெல்ட்டோ தைலமோ இந்த அளவுக்குச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. பிசியோவிடம் போனால் மெஷின் வைத்து அனுப்பிவிடுகிறாரா, பயிற்சி சொல்லிக் கொடுத்து வீட்டில் செய்யச் சொல்கிறாரா என்று பாருங்கள். இரண்டாமவரிடம் மூன்று நான்கு முறை போனால் போதும். காசு ஒரு தடை என்றால் அரசு மருத்துவமனைகளில் பிசியோ பிரிவு உண்டு. நடமாட முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள்.

மேலே உள்ள வரிசைக்குள் அடங்காத சில வலிகள் உண்டு. எழுந்து வைக்கிற முதல் பத்து அடியில் மட்டும் குதிகாலில் முள் குத்துவது போலிருந்தால் அது பாதத்தின் அடியிலுள்ள நார்ப் பட்டை. தைலம் அந்தத் தடித்த தோலைத் தாண்டாது. படுக்கையை விட்டு இறங்குமுன் கால் விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பதும், வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புப் போடுவதும்தான் வழி. அந்த ரப்பர், பாதத்தில் உணர்வு இழந்த தொழுநோயாளிகளுக்காக வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் காலத்தில் வந்தது. இன்று எந்தச் செருப்புக் கடையிலும் கிடைக்கிறது. நடு ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் பாதத்தை முழங்கால் பக்கம் மடக்குங்கள், விட்டுவிடும். அதற்கென்று மக்னீசியம் மாத்திரை வாங்குவது வீண் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. தோள் வலி வாரக் கணக்கில் நீண்டு, சட்டை மாட்டவோ முதுகுப் பக்கம் கொக்கி போடவோ கை போகவில்லை என்றால் தோள் இறுகிக்கொண்டிருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வரும், பலருக்குச் சர்க்கரை இருப்பதே இதில்தான் தெரிய வரும். விடியலில் கை மரத்து, உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறது; சர்க்கரையோடு தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது: எழுந்த பிறகு விறைப்பு விட எவ்வளவு நேரம் ஆகிறது? கால் மணி, அரை மணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டியும் விரல் மூட்டுகள் மடங்கவில்லை, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம் என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தைலம், பாட்டி, மெத்தை எதுவும் ஆகாது. மூட்டு அரிபடுவதற்குள் அதற்கான மருந்தைத் தொடங்கியாக வேண்டும். ஆறு வாரம் பொறுக்கலாம் என்று மேலே சொன்னது இந்த வலிக்குப் பொருந்தாது.